‘பார்க்கலாம்’ என்று சொல்லாதீர்கள்

“வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?” என்று மேலாளர் கேட்கிறார். முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். “பார்த்துக்கலாம் சார்” என்கிறீர்கள். அதை அவர் ‘முடியும்’ என்று எடுத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புகிறார். வாடிக்கையாளர் அதை நம்பித் தன் ஆட்களுக்குத் தேதி கொடுத்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை மாலை உங்கள் மேசைமுன் வந்து நிற்கப்போகிற நெருக்கடி, திங்கட்கிழமை காலையிலேயே பிறந்துவிட்டது.

லஞ்சம் தொடாத, கள்ளக் கணக்கு எழுதாத கிறிஸ்தவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களும்கூட ‘ட்ரை பண்றேன்’, ‘முடிஞ்ச மாதிரிதான்’, ‘நாளைக்குச் சொல்லிடறேன்’ என்று நாள் முழுவதும் சொல்வதைத் தவறுகளின் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைப் பணிவு என்றும், யாரையும் நோகடிக்காத நல்ல குணம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிடிகொடுக்காத பதில் அந்த நிமிடச் சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுகிறது; அந்தச் சங்கடத்தை வட்டியோடு இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுகிறது. மேசையில் வசன அட்டை வைப்பதற்கு முன்பே, கேட்ட கேள்விக்கு நாம் சொல்லும் பதிலில் நம் விசுவாசம் தெரிந்துவிட வேண்டும்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு இதைப் பேசியிருக்கிறார் (மத்தேயு 5:33-37). அக்காலத்தவர் வானத்தின்மேல், பூமியின்மேல், எருசலேமின்மேல், தங்கள் தலையின்மேல் சத்தியம் செய்தார்கள். எதன்மேல் செய்த சத்தியம் ஆளைக் கட்டும், எது கட்டாது என்று நுணுக்கமான கணக்கும் வைத்திருந்தார்கள். ஆலயத்தின்மேல் செய்ததை மீறலாம், ஆலயத்துப் பொன்னின்மேல் செய்ததை மீறக்கூடாது என்று போதித்தவர்களை மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் அவர் கடுமையாகச் சாடுகிறார். தப்பிக்க வழி வைத்துக்கொண்டு பேசுவதற்கே சத்தியம் பயன்பட்டது. அந்த வழியைத்தான் அவர் அடைத்தார். ஆம், இல்லை என்ற இரண்டு சொல்லே போதும் என்கிற அளவுக்கு உங்கள் வாய் நம்பத்தக்கதாக இருக்கட்டும் என்றார். யாக்கோபும் தன் நிருபத்தில் (5:12) அதையே மறுபடி வலியுறுத்துகிறார். “சத்தியமா சார், இந்தத் தடவை கண்டிப்பா” என்று ஓர் ஊழியர் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அவருடைய வெறும் ‘சரி’க்கு அந்த அலுவலகத்தில் மதிப்பு போய்விட்டது என்று பொருள்.

இந்தப் போதனையை எழுத்துக்கு எழுத்து வாழ்ந்து பார்த்தவர்கள் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள். ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624-1691) தொடங்கிய இந்த இயக்கத்தினர் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மறுத்தார்கள். கூண்டில் நிற்கும்போது ஓர் உண்மை, கடைத்தெருவில் ஓர் உண்மை என்று ஒருவனுக்கு இரண்டு உண்மைகள் இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அப்படி மறுப்பவர்களைத் தண்டிக்க 1662-இல் தனிச் சட்டமே வந்தது. ஃபாக்ஸும் அந்த மறுப்புக்காகச் சிறையில் கிடந்தார். சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்ல நாடாளுமன்றம் இடம் கொடுத்தது 1696-இல்தான். அதுவும் எல்லா வழக்குக்கும் இல்லை. இன்று இந்தியாவில் சாட்சி சொல்பவர் ஆணையிட விரும்பாவிட்டால் உறுதிமொழி மட்டும் கூறலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. அமைச்சர்கள் பதவியேற்பதற்கும் நம் அரசியலமைப்பு அந்த இரண்டு வழிகளையும் வைத்திருக்கிறது.

குவேக்கர்கள் கடை நடத்திய விதம் வேலைக்குப் போகிற நமக்கு இன்னும் நெருக்கமானது. பேரம் பேசுவதே வழக்கமாக இருந்த நாட்களில் குவேக்கர் வியாபாரிகள் ஒரே விலை சொன்னார்கள். குறைத்துக் கொடுக்கத் தயாராக இருந்துகொண்டே கூட்டிச் சொல்வது பொய் என்றார்கள். ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் ஒதுங்கிப் போனார்கள். சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் இவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்தபின் கூட்டம் திரும்பியது. ஃபாக்ஸே தன் நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். 1690-இல் லண்டன் லம்பார்ட் தெருவில் தொழில் தொடங்கிய குவேக்கர் பொற்கொல்லர்களிடமிருந்துதான் பார்க்ளேஸ் வங்கி வளர்ந்தது. 1824-இல் பர்மிங்காமில் கடை திறந்த ஜான் கேட்பரியும் குவேக்கர்தான். நேர்மையாக இருந்தால் பணம் கொட்டும் என்று காட்ட நான் இதைச் சொல்லவில்லை. பல்கலைக்கழகமும் அரசுப் பதவியும் அவர்களுக்கு மூடியிருந்ததும் அவர்கள் வியாபாரத்துக்கு வர ஒரு காரணம். கடைக்கு முன் அவர்கள் பார்த்தது சிறையை.

ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன்

இது நமக்கே உரிய பதில். வேலை மாற்றமா, ஊர் மாற்றமா, சபையில் ஒரு பொறுப்பா, எதைக் கேட்டாலும் “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் பிரதர்” என்கிறோம். உண்மையாகவே முழங்காலில் நிற்கப் போகிறவருக்கு அது நல்ல பதில். ஆனால் ‘இல்லை’ என்று சொல்லத் துணிவில்லாமல் கடவுளின் பெயரை முன்னால் நிறுத்தினால், அந்தப் பெயரை வீணாக வழங்குகிறோம். கேட்டவர் இரண்டு வாரம் காத்திருந்து, பிறகு தானாகப் புரிந்துகொண்டு விலகுகிறார். மனிதர்மேல் வர வேண்டிய வருத்தம் ஜெபத்தின்மேல் வருகிறது.

நெகேமியாவைப் பாருங்கள். பெர்சிய அரசன் அர்தசஷ்டாவுக்குப் பானபாத்திரக்காரன். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிற செய்தி கிஸ்லேயு மாதத்தில் அவனுக்கு வருகிறது. அழுது, உபவாசித்து ஜெபிக்கிறான். அரசன் அவன் முகவாட்டத்தைக் கவனித்துக் காரணம் கேட்பது நிசான் மாதத்தில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதங்கள். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று அரசன் கேட்டதும் அவன் ஒரு கணம் தேவனை நோக்கி வேண்டிக்கொண்டு, உடனே வாய் திறக்கிறான். யூதாவுக்கு அனுப்பும்படி கேட்கிறான். எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்குக் காலம் குறித்துச் சொல்கிறான். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், கதவுகளுக்கும் மதிலுக்கும் மரம் கொடுக்க வனக்காவலன் ஆசாபுக்கு உத்தரவு வேண்டும் என்று பட்டியலே நீட்டுகிறான். இத்தனைக்கும் அந்த நேரத்தில் தான் மிகவும் பயந்ததாக அவனே எழுதுகிறான் (நெகேமியா 2:2).

நீண்ட ஜெபம் முன்கூட்டியே முடிந்திருந்ததால்தான் அரசன் முன் பதில் சுருக்கமாக வந்தது. சம்பள உயர்வு கேட்கும் பேச்சு, பணிமாற்றம் கேட்கும் பேச்சு, ஞாயிறு ஷிப்ட் வேண்டாம் என்று சொல்லும் பேச்சு எல்லாம் வரப்போகிறவை என்று நமக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். அந்த மாதங்களில் ஜெபியுங்கள். என்ன வேண்டும், எந்தத் தேதியிலிருந்து, அதற்குப் பதிலாக எந்த வேலையை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போனபின் பக்தி வார்த்தைகளால் சுற்றி வளைக்காதீர்கள். “மேடம், ஞாயித்துக்கிழமை காலைல நான் ஆராதனைக்குப் போகணும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல எத்தனை மணி வரைக்கும்னாலும் இருக்கேன். சனிக்கிழமை ரெண்டு ஷிப்டையும் நானே எடுத்துக்கறேன்.” இப்படிக் கேட்டும் கிடைக்காமல் போகலாம். கேட்டது என்ன என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் இருக்காது.

திடீரென்று வருகிற கேள்விக்கு உண்மையிலேயே யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ஒரு நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். “வியாழக்கிழமை சாயங்காலம் சொல்றேன்” என்பது பதில். “சொல்றேன்” என்பது பதில் ஆகாது. வியாழன் மாலை, முடிவு எடுக்க முடியாவிட்டாலும் அழைத்து அதையாவது சொல்லிவிட வேண்டும்.

தேதி, நிலவரம், தெரியாது

முதல் பத்தியின் மேலாளருக்கு வருவோம். அவருக்குக் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் வெறும் ‘முடியாது’ என்று முறிந்து நிற்க வேண்டியதில்லை. “சார், வெள்ளிக்கிழமை முடியாது. டெஸ்டிங்குக்கே ரெண்டு நாள் ஆகும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தர்றேன். வெள்ளிக்கிழமையே ஏதாவது காட்டணும்னா முதல் ரெண்டு பகுதி ரெடியா இருக்கும். எது வசதின்னு சொல்லுங்க.” மறுப்பு முதலில், காரணம் ஒரே வரியில், பிறகு உங்களால் முடிந்த தேதி. முடிவு அவருடையது. காரணத்தை ஐந்து வரிக்கு நீட்டினால் மறுப்பு அதில் மூழ்கிவிடும்.

வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டால் சதவீதத்தில் பதில் சொல்வதை விட்டுவிடுங்கள். ‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது. எது முடிந்தது, எது பாக்கி, எது யாரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பெயர் சொல்லிச் சொன்னால் போதும்.

செவிலியர் பணியில் இருக்கிற நம் சகோதரிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. “ரெண்டு மணிக்கு பி.பி. பார்த்தீங்களா சிஸ்டர்?” என்று டாக்டர் கேட்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு மூச்சுத் திணறல், பார்க்க முடியவில்லை. முந்தின அளவை ஒட்டி ஓர் எண்ணைச் சார்ட்டில் எழுதிவிடுவது எளிது. பெரும்பாலும் யாருக்கும் தெரியவும் தெரியாது. அந்த எண்ணை நம்பித்தான் டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார் அல்லது குறைப்பார் என்பது அந்தச் சகோதரிக்குத் தெரியும். “பார்க்கல டாக்டர். ஏழாம் நம்பர் பேஷன்ட்கூட இருந்தேன். இப்பவே பார்த்துச் சொல்றேன்.” திட்டு விழும். நோயாளிக்குச் சரியான மருந்து போகும். மருத்துவமனையில் ‘இல்லை’ என்ற சொல்லைத் தயங்காமல் சொல்கிற செவிலியரைப் போல மதிப்பு மிக்கவர் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். வார்டு பொறுப்பில் இருப்பவர்கள் அந்த ‘இல்லை’யைக் கேட்டதும் கத்தாமல் இருப்பதும் அதே விசுவாசத்தின் பாகம்தான். கத்துகிறவரிடம் அடுத்த முறை எண் மட்டுமே வரும்.

‘தெரியாது’ என்பதும் முழுப் பதில். நேர்காணலில் ஒரு மென்பொருளைப் பற்றிக் கேட்டால் “அதுல நான் வேலை செஞ்சதில்ல சார், இதே மாதிரி இன்னொண்ணுல ரெண்டு வருஷம் செஞ்சிருக்கேன்” என்பவரிடம் அடுத்த கேள்வி கேட்கலாம். தெரிந்ததுபோலச் சுற்றுகிறவர் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். செய்யாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பொய் சொல்லச் சொன்னால்

“யார் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தொலைபேசி அடிக்கிறது. வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கு மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் வீரம் காட்டச் சொல்வது நியாயமில்லை. அதற்கு முன்பே ஓர் அமைதியான நேரத்தில், தனியாகப் பேசிவிட வேண்டும்: “சார், இல்லைன்னு சொல்றது எனக்கு மனசுக்கு ஒப்பலை. ‘இப்போ பேச முடியாது, நம்பர் குடுங்க’ன்னு சொல்லிக்கட்டுமா?” அவருக்கு வேண்டியது அந்த அழைப்பிலிருந்து விடுதலை. பொய்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற முதலாளிகள் குறைவு.

தானியேல் இப்படித்தான் நடந்துகொண்டான். அரசனின் உணவால் தன்னைத் தீட்டுப்படுத்தக் கூடாது என்று அவன் உள்ளத்தில் முடிவு எடுத்துவிட்டான். அதில் பேரம் இல்லை. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் எதிரில் நிற்பவருக்கும் இடம் வைத்தான். பிள்ளைகள் வாடிப்போனால் அரசன் தன் தலையை எடுத்துவிடுவான் என்று மேலதிகாரி பயந்தபோது அந்தப் பயத்தை அவன் எள்ளவில்லை. விசாரிப்புக்காரனிடம் போய், 10 நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றான் (தானியேல் 1). முடிவில் உறுதியும், வழியில் விட்டுக்கொடுத்தலும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

பொய்க் கணக்கு அப்படி வழி கண்டுபிடிக்கக்கூடியது இல்லை. சொந்த வீட்டில் இருந்துகொண்டு வாடகை ரசீது தயாரிப்பது, போகாத பயணத்துக்கு டாக்சி பில் போடுவது, இன்னொருவர் போட்ட பொய் பில்லில் கையெழுத்திடுவது எல்லாம் குற்றம். ‘எல்லாரும் செய்றாங்க’ என்பதால் குறைந்துவிடாது. “என்னால கையெழுத்துப் போட முடியாது அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க” என்று ஒருமுறை தெளிவாகச் சொன்னால் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் மாதாமாதம் கேட்பார்கள்.

இதற்கு விலை உண்டு. 1 இராஜாக்கள் 22-இல் நானூறு தீர்க்கதரிசிகள் அரசன் ஆகாபுக்குப் பிடித்ததைச் சொல்கிறார்கள். மிகாயா என்ற தீர்க்கதரிசியை அழைக்க வந்த ஆளும் ‘நீரும் அப்படியே நல்லதாகச் சொல்லிவிடும்’ என்கிறான். மிகாயா உண்மையைச் சொன்னான். கன்னத்தில் அடியும் சிறையும் கிடைத்தன. அவன் விடுதலையானதாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் உள்ள வீட்டில் வேலையை இழப்பது சின்ன விஷயமல்ல. எனவே வார்த்தையில் உறுதியாக இருக்க விரும்புகிறவர் சில மாதச் செலவுக்காவது கையில் பணம் சேர்த்து வைக்க வேண்டும். சேமிப்பு இருக்கிறவருக்கு ‘முடியாது சார்’ என்று சொல்வது கொஞ்சம் எளிது.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். நாஜி ஆட்சியை எதிர்த்த ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1943-இல் கைதானபின், டெகல் சிறையில் இருந்தபோது உண்மை பேசுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார், முடிக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கட்டுரையில் ஓர் ஆசிரியர் வகுப்பு முழுவதும் கேட்க ஒரு பிள்ளையிடம், உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வருகிறாராமே என்று கேட்கிறார். உண்மைதான். ஆனாலும் பிள்ளை இல்லை என்கிறது. அந்த இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு உரிமையே இல்லை, பழி அவருடையது என்கிறார் போன்ஹோஃபர். விசாரணை அதிகாரிகளுக்கு முன் நண்பர்களின் உயிரைக் காக்க வேண்டியிருந்த ஒருவர் எழுதியது அது.

பெரியவர்களாகிய நமக்கு அந்தப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வழி உண்டு: பதில் சொல்ல மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். எந்த அதிகாரத்தால் இதைச் செய்கிறீர் என்று ஆலயத்தில் கேட்டவர்களிடம் இயேசு முதலில் ஓர் எதிர்க்கேள்வி கேட்டார். அவர்கள் நழுவியதும், தாமும் சொல்லப்போவதில்லை என்று நேராகச் சொல்லிவிட்டார் (மத்தேயு 21:23-27). நேர்காணலில் பெண்களிடம் “கல்யாணம் எப்போ? குழந்தை ப்ளான் இருக்கா?” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “அது என் சொந்த விஷயம் சார். இந்த வேலைக்கு வேண்டிய நேரத்தை என்னால தர முடியும்” என்பது முழு உண்மை. பக்கத்து மேசைக்காரர் சம்பளத்தைக் கேட்டால் “சொல்ல விரும்பல அண்ணா” போதும்.

சபைக் கமிட்டிகளிலும் இதே பழக்கம் வேண்டும். அசனத்துக்கு அரிசி பொறுப்பை ஏற்பீர்களா என்று ஐயா கேட்டதும் எல்லார் முன்னிலும் தலையசைத்துவிட்டு, முந்தின நாள் போனை அணைத்துவைக்கிறவரால் சமையல்காரர்கள் தவிக்கிறார்கள். இரண்டு குமாரர் உவமையில் (மத்தேயு 21:28-31) ‘போகிறேன் ஐயா’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திராட்சத் தோட்டத்துக்குப் போகாதவனை யாரும் பாராட்டவில்லை.

சொன்ன சொல்லை மாற்ற வேண்டி வந்தால்

வரும். பவுலுக்கே வந்தது. கொரிந்துவுக்கு வருவதாகச் சொன்ன பயணத் திட்டத்தை மாற்றினார். ஆம் என்றும் இல்லை என்றும் ஒரே வாயால் பேசுகிறவர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ‘அப்போஸ்தலனைக் கேள்வி கேட்பதா’ என்று அவர் கோபப்படவில்லை. ஏன் வரவில்லை, அது எப்படி அவர்கள் நன்மைக்காக எடுத்த முடிவு என்று விளக்கி எழுதினார் (2 கொரிந்தியர் 1:15-24). நம்பகத்தன்மைமேல் வந்த கேள்வியை அவர் அவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டார்.

நம் ஊரில் இது அதிகம் தேவைப்படுவது வேலை மாறும் நேரத்தில். ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் என்பதால், ஓர் ஆஃபரை ஏற்றுக்கொண்டு, அதைக் காட்டி இன்னொன்று வாங்கி, சேர வேண்டிய நாளன்று போனை எடுக்காமல் இருப்பது சகஜமாகிவிட்டது. நிறுவனங்களும் ஆஃபரைத் திரும்பப் பெறுகின்றனவே என்பார்கள். அது உண்மை, அவர்கள் செய்வதும் தவறு. கையெழுத்திடும் முன் எல்லாவற்றையும் விசாரியுங்கள்: சம்பளப் பிரிவு, பணியிடம், ஷிப்ட், பாண்ட். யோசுவா 9-இல், தூர தேசத்தார் என்று சொல்லி வந்த கிபியோனியரின் பூசணம் பிடித்த அப்பத்தைப் பார்த்தே நம்பி இஸ்ரவேலர் அவசரமாக உடன்படிக்கை செய்தார்கள். மூன்றே நாளில் உண்மை தெரிந்தும், கொடுத்த வாக்கை மீறவில்லை.

அப்படி விசாரித்து ஏற்றபிறகும் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகலாம், ஊரை விட்டுப் போக முடியாத நிலை வரலாம். முடிவு எடுத்த அன்றைக்கே எச்.ஆருக்கு நீங்களே போன் செய்யுங்கள். மெயில் அதற்குப் பிறகு. “மேடம், ஒத்துக்கிட்டபடி என்னால சேர முடியல. வீட்ல அப்பாவைப் பார்த்துக்க வேண்டிய நிலை. உங்களுக்குச் சிரமம் கொடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க.” உண்மைக் காரணம் கூடுதல் சம்பளம் என்றால் அப்பாவை இழுக்காமல் அதையே சொல்லுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவீர்கள் என்பதையும் அதே பேச்சில் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம்; குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மேசையில் இரண்டாவதாகத் தேர்வான இன்னொருவரின் விண்ணப்பம் இருக்கும். நீங்கள் அன்றே சொன்னால், அந்த இன்னொருவருக்கு அன்று மாலையே அழைப்பு போகக்கூடும்.